ட்ரிகர் கோளாறு: ஓடாத மெஷினைவிட நிற்காத மெஷினே ஆபத்து

டிரில், கிரைண்டர் போன்ற மின்கருவிகளை விரலால் அழுத்தி ஓட்டும் சுவிட்சுதான் ட்ரிகர். அதில் வரும் கோளாறுகள் இரண்டு வகைப்படும். அழுத்தினால் ஓடாமல் போவது ஒன்று. கையை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடுவது மற்றொன்று. முதலாவது வேலையைக் கெடுக்கும், இரண்டாவது கையைக் கெடுக்கும். ஆனால் நடைமுறையில் ஓடாத மெஷினை உடனே பழுதுபார்க்கக் கொடுக்கிறோம். நிற்காத மெஷினையோ, "ஓடத்தானே செய்கிறது" என்று சமாளித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை.

ட்ரிகரை விட்ட பிறகும் மோட்டார் சுற்றுகிறது என்றால், சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு உலோகத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை மெஷினை நிறுத்தும்போதும் அவற்றுக்கிடையே சிறு தீப்பொறி எழுகிறது. அந்தச் சூட்டில் முனைகள் கருகி, குழி விழுந்து, ஒருநாள் உருகி ஒட்டிவிடுகின்றன. சில சமயம் காரணம் இன்னும் எளியது: தொடர்ந்து ஓடுவதற்காக வைத்திருக்கும் லாக் பட்டன் தூசி அடைத்து வெளியே வராமல் நின்றிருக்கும், அல்லது ட்ரிகரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். காரணம் எதுவானாலும், சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டும் அணைத்தும் அந்த மெஷினில் வேலை செய்யக் கூடாது. டிரில் பிட் சுவரில் சிக்கி மெஷின் கையை முறுக்கும் அந்த நொடியில், எட்டி அணைக்க நேரமும் இருக்காது, கையும் இருக்காது. இதே காரணத்துக்காக, ட்ரிகரை டேப் சுற்றி அழுத்தி வைப்பதும், சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களையும் நேராக இணைத்துவிடுவதும் கூடவே கூடாது. அப்படி இணைத்த ஆங்கிள் கிரைண்டரை (டிஸ்க் சுற்றி வெட்டவும் தேய்க்கவும் உதவும் கருவி) பயன்படுத்தும்போது மின்சாரம் போய்விட்டால், கீழே வைத்துவிட்டு நகர்ந்திருப்போம். மின்சாரம் திரும்பியதும் அது ஆளில்லாமல் தானே ஓடத் தொடங்கும்.

இதிலிருந்து வேறுபட்ட ஓர் அறிகுறியும் உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிகரில், லேசாகத் தொட்டாலே மெஷின் முழு வேகம் எடுக்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால், ஒயர் வழி வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்னும் பாகம் பெரும்பாலும் ஷார்ட் ஆகியிருக்கும். சுத்தம் செய்து இதைச் சரிப்படுத்த முடியாது. சுவிட்சை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது ஓடாத மெஷின். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் சுவிட்சின் மீது பழி போடுவதுதான். பேட்டரி டிரில்லில் முன்பக்கமும் பின்பக்கமும் சுற்ற வைக்கும் சிறு நெம்புகோல் நடுவில் நின்றால், ட்ரிகர் பூட்டிக்கொள்ளும். அது பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டது. அது தெரியாமல் பலத்தைக் காட்டி அழுத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, இல்லாத கோளாறு உண்டாகிவிடும். ட்ரிகரை அழுத்தியதும் முன்னால் உள்ள விளக்கு எரிந்து மோட்டார் மட்டும் ஓடவில்லை என்றால், பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை என்று கொள்ளலாம். கிளிக் என்ற சத்தம் கேட்கும்வரை பேட்டரியை உள்ளே தள்ளி, முழுதாகச் சார்ஜ் செய்து, மெஷின் சூடாகியிருந்தால் ஆறவிட்டு, அதன் பிறகே மேலே பார்க்க வேண்டும்.

ஒயர் உள்ள கருவிகளில் சுவிட்சைவிட முன்னதாகச் சந்தேகப்பட வேண்டியது ஒயரையும், மோட்டாரின் சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷையும்தான். கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்தை விரல்களால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலுறை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அது தளர்ந்து, எலும்பில்லாததுபோல் மடங்கும். உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்திருப்பது அங்கேதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சோதனைக் கருவியான மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (மின்வழி அறுபடாமல் இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில்) வைத்து, பிளக்கின் முனைக்கும் சுவிட்சில் அந்த ஒயர் சேரும் இடத்துக்கும் இடையே பிடித்தபடி ஒயரை அசைத்தால், பீப் சத்தம் விட்டுவிட்டு வருவது சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மின்சாரம் இருக்கும்போது ஒயரை வளைத்துச் சோதிப்பது வேண்டாத விபரீதம். தட்டினால் ஓடுவதும், ஓடும்போது வழக்கத்துக்கு மேல் பொறி பறப்பதும் பிரஷ் தேய்ந்ததற்கான அடையாளங்கள். மாற்றும்போது இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ட்ரிகர் கடினமாக இருக்கிறது என்று துருநீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதன் இடுக்கில் அடிப்பது மிகப் பரவலான பழக்கம். அடித்தவுடன் ட்ரிகர் இலகுவாகிவிடுவதால் பலன் கிடைத்ததுபோலவே தோன்றும். சில வாரங்களில் அந்த எண்ணெய்ப் படலத்தில் மரத்தூளும் சிமென்ட் தூசியும் ஒட்டிப் பசையாகி, முன்பைவிட மோசமாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே இன்னும் கெடுதலானது: அதன் ஆவி தொடுமுனையின் தீப்பொறியில் எரிந்து, மின்சாரத்தைத் தடுக்கும் மணல் போன்ற படிவாக அங்கேயே தங்கிவிடுகிறது. காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, அது முழுமையாக உலரும்வரை காத்திருப்பதே முறை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் அழுத்தியதும் பீப் என்று சொல்லிவிடும். வேகக் கட்டுப்பாடு உள்ள எலக்ட்ரானிக் சுவிட்ச், மின்சாரம் கிடைக்காதபோது வழிவிடாமல் இருப்பது இயல்பு. அதில் பீப் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

புதிய சுவிட்ச் வாங்கும்போது அளவும் வடிவமும் பொருந்தினால் போதும் என்று நினைப்பது தவறு. சுவிட்சின் மேல் 6(4) என்று ஆம்பியர் அளவு அச்சிட்டிருந்தால், மோட்டாருக்குப் பொருந்துவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4 ஆம்பியர்தான். ஏசி சுவிட்சை, அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்துக்கான சுவிட்சை, பேட்டரிக் கருவியில் போடுவதும் ஆகாது. 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தொடுமுனைகளுக்கிடையே எழும் பொறி எளிதில் அணைந்துவிடுகிறது. பேட்டரி தரும், ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி நீண்டு முனைகளைத் தின்றுவிடும்.

வீட்டுச் சாதனங்களில் நிலைமை சற்று வேறு. ஃபுட் பிராசஸரின் மூடி சரியாக உட்காராவிட்டால் அது ஓடாது; அந்தப் பாதுகாப்பு சுவிட்சைக் குச்சி வைத்து ஏமாற்றினால் பிளேடு கைக்கு எட்டும் இடத்தில் சுற்றும். தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரில் மின்சாரத்தையும் தண்ணீரையும் அடைத்த பிறகு, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் ட்ரிகரை ஒருமுறை அழுத்தி உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றாமல் எந்த இணைப்பையும் கழற்றக் கூடாது.

கருவியைத் திறப்பதற்கு முன் பிளக்கையோ பேட்டரியையோ கழற்றிவிட்டு, ட்ரிகரை ஒருமுறை அழுத்தி விட வேண்டும். மேல்பாதியைத் தூக்கியதும் எதையும் தொடாமல், ஒவ்வொரு ஒயரும் எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்பதைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. ஒயர் தன் பள்ளத்தைவிட்டு விலகியிருக்கும்போது மூடித் திருகினால் அது நசுங்கி, கைப்பிடியிலேயே ஷாக் அடிக்க வழியாகிவிடும். மூடிய பிறகு, மின்சாரம் கொடுக்காமலே ட்ரிகரைப் பல முறை அழுத்தி, ஒவ்வொரு முறையும் தடையின்றித் திரும்பி வருகிறதா என்றும், லாக் பட்டன் விடுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தை டிரில் பிட்டோ டிஸ்கோ மாட்டாமல் நடத்தி, ட்ரிகரை விட்டதும் மோட்டார் வேகம் இறங்கி நிற்பதை உறுதி செய்த பிறகே அவற்றை மாட்ட வேண்டும்.