பழைய கார்ட்டூனில் வெறுப்பை அடையாளம் காண்பது எப்படி?

ஜப்பானியக் குடியேறிகளைப் பற்றிய அமெரிக்கப் பத்திரிகைக் கார்ட்டூன் கிடைத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 1913 என்றால் ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வாங்குவதைத் தடுத்த கலிபோர்னியா நிலச் சட்டம், 1924 என்றால் குடியேற்றத் தடை. அப்புறம் முகங்களை உற்றுப் பாருங்கள். 1942 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கின் பி.எம். நாளிதழில் குழந்தைகள் புத்தக எழுத்தாளர் டாக்டர் சூஸ் வரைந்த படத்தில், அமெரிக்க மேற்குக் கடற்கரை முழுக்க ஜப்பானியர்கள் ஒரே அச்சு முகத்தோடு வரிசையில் வந்து வெடிமருந்து வாங்குகிறார்கள், ஒருவருக்குக்கூடத் தனி முகம் இல்லை, அதுதான் அந்தப் படத்தின் விஷம், ஏனென்றால் முகமில்லாத கூட்டத்தை மொத்தமாகச் சந்தேகிப்பது ரொம்பச் சுலபம். ஆறே நாளில், மக்களை வெளியேற்ற ராணுவத்துக்கு அதிகாரம் தந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் ஆணை வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அதற்காக இந்த ஒரு கார்ட்டூன்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், வெறுப்பு பல ஆண்டுகளாக ஊறியது. சரி, அந்தக் கரையில் ஸ்ட்ராபெரி பயிரிட்டவர்களும் மீன் பிடித்தவர்களும் படத்தில் எங்கே என்றும் கேளுங்கள்.