நடுநிலை செனட்டரின் வாக்குகளைப் படிக்கும் முறை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், கட்சி வரம்பைத் தாண்டியும் வாக்களிக்கும் நடுநிலையாளர்களின் வாக்குகளைப் படித்துப் பழக, மேய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ (குடியரசுக் கட்சி, செனட்டில் 1995–2013) நல்ல உதாரணம்.

முதலில் எத்தனையாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டாண்டுக் காலம்) என்று கணக்கிடுங்கள்: அது தொடங்கும் ஒற்றைப்படை ஆண்டிலிருந்து 1789-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் போதும். 2009 என்றால் 111. பிறகு செனட் இணையதளத்தில் அந்த ஆண்டின் பெயர்வாரி வாக்குப் பட்டியலைத் திறக்கலாம்.

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவைத் தேடுங்கள். 2009 டிசம்பர் 24, மசோதா எண் எச்.ஆர். 3590, ஆதரவு 60, எதிர்ப்பு 39. ஸ்னோ எதிர்த்திருப்பார். இதோடு நிறுத்தினால் அவரைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அக்டோபர் 13-இல் நிதிக் குழுவில் இதன் முன்வடிவம் 14–9 என நிறைவேறியபோது, ஆதரித்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் அவர்தான். குழு வாக்குகள் அவைப் பட்டியலில் வராது. குழுவின் அறிக்கையில்தான் கிடைக்கும். நடுநிலையாளரின் பேரம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது, அதனால் அதை விட்டுவிடவே கூடாது.

அடுத்து, ஒவ்வொரு வாக்கின் தலைப்பையும் பாருங்கள். மசோதா மீதான விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 60 வாக்கு வேண்டும். அதை ஆதரித்துவிட்டு மசோதாவை எதிர்ப்பவர்கள் உண்டு. ‘டேபிள்’ தீர்மானத்தில் ‘ஆம்’ என்றால் திருத்தத்தை ஒதுக்கச் சம்மதம் என்று பொருள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இருக்காது.