ஸ்மாக் புரதம் வாங்கி, கரைத்து, வைத்துக்கொள்வது எப்படி: வேலூர் வெயிலை மனதில் வைத்து

வேலூர், காட்பாடி பக்கம் செல் சாவைப் பற்றி புராஜெக்ட் செய்கிறவர்கள் என்றாவது ஒரு நாள் ரீகாம்பினன்ட் ஸ்மாக் (மரபணுவை வேறு செல்லில் வைத்துச் செய்த ஸ்மாக் புரதம்) வாங்க வேண்டிவரும். டயாப்லோ என்றாலும் இதுதான். 2000-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருக்கும். சாகச் சொல்லி கட்டளை வந்தால் சைட்டோகுரோம் சி போலவே வெளியே வரும், செல்லைச் சாகடிக்கும் நொதிகளான கேஸ்பேஸ்களை அமுக்கி வைத்திருக்கும் எக்ஸ்ஐஏபி என்ற புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை விடுவிக்கும்.

ஆர்டர் போடும் முன் டேட்டாஷீட்டில் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டவைக்கும் சின்னத் துண்டு) எந்த முனையில் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மனித ஸ்மாக் 239 அமினோ அமிலமாக உருவாகிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதும் முன்னால் உள்ள 55 வெட்டுப்பட்டு 184 மிஞ்சுகிறது. வெட்டிய இடத்தில் வெளியே தெரிகிற அலனின், வேலின், புரோலின், ஐசோலூசின் என்ற நாலும்தான் எக்ஸ்ஐஏபியின் பள்ளத்தில் போய் உட்காருகின்றன. அந்த அலனினுக்கு முன்னால் ஹிஸ் டேக்கை (ஹிஸ்டிடின் வரிசையை) ஒட்டி வைத்தால் வேலை கெட்டது. வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தை அடையாளம் காணும் சோதனை) ஸ்டாண்டர்டாக ஓட்டலாம், அவ்வளவுதான். ஆகவே 56 முதல் 239 வரை உள்ளது, டேக் பின் முனையில் இருப்பது, இதைக் கேளுங்கள். ஈ. கோலையில் செய்யும்போது முன்னால் சேரும் மெத்தியோனினைப் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்தது அலனினாக இருந்தால் பாக்டீரியாவே பெரும்பாலும் அதை வெட்டிவிடும்.

பவுடராக வருவது இரண்டு மூன்று நாள் வெளியே கிடந்தாலும் பொதுவாகத் தாங்கும். திரவமாக வருவதென்றால் டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று பெட்டியை வாங்கும்போதே திறந்து பாருங்கள். மே மாதம் இங்கே 40 டிகிரி சாதாரணம், சென்னையிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வரும் பார்சல் திங்கள் காலை வரை கேட் பக்கத்து அறையிலேயே கிடக்கும், அதனால் வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே வேர்த்துப் பவுடரில் ஏறும். அப்புறம் ஒரு நிமிஷம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். 10 மைக்ரோகிராம் பவுடர் கண்ணுக்கே தெரியாது, பாதி மூடியில் ஒட்டியிருக்கும். டேட்டாஷீட் சொல்லும் பஃபர் 100 மைக்ரோலிட்டரைச் சுவரை நனைத்தபடி விடுங்கள்: மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், டேக்கோடு 22 கிலோடால்டன் என்று வைத்தால் சுமார் 4.5 மைக்ரோமோலார். பத்து நிமிஷம் ஐஸில் வைத்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினால் போதும். மோர் கடைகிற மாதிரி வோர்டெக்ஸில் போட்டு நுரை வரவைக்காதீர்கள், நுரையில் புரதம் குலைந்துவிடும்.

இவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். உங்கள் சோதனையைக் கெடுக்காது என்றால் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) சேருங்கள். ஒரு முறைக்கு வேண்டிய அளவாகச் சின்னக் குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80-ல். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். தானாகப் பனி கரைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் அடிக்கடி சூடாகி இறங்கும், அதில் இதை வைக்காதீர்கள். கரண்ட் போகும் நாட்களில் மைனஸ் 80-ஐத் திறக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். ஜெனரேட்டர் லைனில் எந்தப் பிளக் இருக்கிறது என்று இப்போதே எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டு வையுங்கள்.

ஜெல்லில் 25 கிலோடால்டன் பக்கம் பட்டை வந்தால் சரி, கணக்கைவிடக் கொஞ்சம் மேலே ஓடுவதுதான் இதன் வழக்கம். வேலை செய்கிறதா என்று பார்க்க, கேஸ்பேஸ்-3, எக்ஸ்ஐஏபி, டிஇவிடி-பிஎன்ஏ (கேஸ்பேஸ்-3 வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் பொருள்) மூன்றையும் டிடிடி (கேஸ்பேஸ் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் காக்கும் பொருள்) உள்ள பஃபரில் சேர்த்தால் மஞ்சள் வராமல் அடங்கியிருக்கும். ஸ்மாக்கைக் கூட்டக் கூட்ட 405 நானோமீட்டரில் அளவு ஏற வேண்டும். கன்ட்ரோலுக்கு வெறும் பஃபர் ஒன்று, முதல் அலனினை மெத்தியோனினாக மாற்றிய ஸ்மாக் கிடைத்தால் அது ஒன்று. கொதிக்க வைத்த ஸ்மாக்கை மட்டும் கன்ட்ரோலாக நம்பாதீர்கள், முன்முனையின் ஏழு அமினோ அமிலத் துண்டே ஓரளவு வேலை செய்யும். உயிருள்ள செல்லின் மீடியத்தில் இதை ஊற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சவ்வைத் தாண்டி அது தானாக உள்ளே போகாது, செல்லை உடைத்தெடுத்த கரைசலில் (லைசேட்) போடுங்கள்.