தானம் வந்த மாடுதான், பல்லைப் பிடித்துப் பாருங்கள்

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர். எட்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது. நன்கொடைப் பணத்தில் நடக்கும் ஒரு ட்ரையலைப் பற்றி, அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைப் பற்றி, டாக்டர் சொல்லி, தகவல் தாளையும் கொடுத்திருக்கிறார். அது நான்காக மடிந்து சட்டைப் பையில் கிடக்கிறது.

“படிச்சீங்களாண்ணே?”

“யாரோ புண்ணியவான் காசு குடுக்குறாங்க தம்பி. அதுல போயி கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?”

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் நாகரிகம். ட்ரையலில் அந்த நாகரிகம் ஆகாது. நான் பார்த்த தவறுகளில் பாதி இந்தக் கூச்சத்தில்தான் முளைத்தவை.

ட்ரையல் வைத்தியமும்தான், இன்னும் விடை தெரியாத கேள்வியும்தான். முதல் கட்டம் என்றால், எவ்வளவு மருந்தைப் பிள்ளையின் உடம்பு தாங்கும் என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 1948ல் முடிவை வெளியிட்டார். அந்த மருந்தைத் தயாரித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு. 10 பேருக்கு நோய் தணிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் போகிறது. அதே ஆண்டு பொதுமக்களிடம் நன்கொடை திரட்டத் தொடங்கிய ஜிம்மி ஃபண்டும் ஃபார்பரின் வேலைக்குத்தான். அப்போதும் கொடுத்தவர்கள் வாங்கியது ஒரு கேள்வியைத்தான், நோய் குணமாகும் என்ற உறுதியை இல்லை. ‘புது மருந்து, கட்டாயம் கேட்கும்’ என்று யாராவது சொன்னால் ஒரு அடி தள்ளியே நில்லுங்கள்.

கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள். தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் படித்தவர் ஒருவரோடு உட்காருங்கள். ட்ரையல் சிடிஆர்ஐ என்ற, மருந்து ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் இந்தப் பதிவு கட்டாயம். மருந்தால் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்பதும் தாளில் இருக்க வேண்டும். ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்கச் சொல்கிறது ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வழிகாட்டல். “அதுக்கு என்ன தெரியும்” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஊசி அதன் முதுகெலும்பில்தானே இறங்குகிறது? நடுவில் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது.

‘இலவசம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஆய்வு மருந்துக்கு விலை கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் ரத்தத்தோடு ஏற்றும் தட்டணுக்கள் (பிளேட்லெட்), நோய்த்தொற்று மருந்து, தங்கும் இடம், கடலூரிலிருந்து வாரம் இரண்டு முறை வந்துபோகும் செலவு, இதெல்லாம் நன்கொடைக்குள் வருகிறதா? முதல் நாளே கேட்கலாம், தப்பில்லை.

அடுத்தது, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் போட்டு வைக்கும் மஞ்சப்பை. மழையில் நனைந்து ஒட்டிப்போன டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை நானே விரல் நகத்தால் பிரித்திருக்கிறேன். முதல் முறை என்னென்ன கீமோ, அதில் டாக்சோரூபிசின் என்ற மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது, எத்தனை மாதத்தில் நோய் திரும்பியது, மூளைத் தண்டுவட நீரில் செல்கள் இருந்தனவா: இவற்றை வைத்துத்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள், தள்ளுவார்கள். எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பியதாகச் சந்தேகம் வந்ததும், எலும்பு மஜ்ஜை பார்க்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோயின் முகமே மாறிப்போகும். யார் கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள்.

நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நித்தியகல்யாணியிலிருந்து, அதாவது கடலோர மணலில் தானாகப் பூக்கும் அந்தச் சுடுகாட்டு மல்லியிலிருந்து, வருவது உண்மைதான். அதற்காக இலையை அரைத்துக் கொடுத்தால் எவ்வளவு விஷம் உள்ளே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் படத்தைக் கேட்காதீர்கள். ‘மருந்துக்கு மட்டும்’ என்று நிபந்தனையும் போடாதீர்கள். பரிசோதனைக் கூடமும், ஆய்வு விவரங்களை எழுதி வைக்கும் நர்சும் இல்லாமல் ஆய்வு நகராது.

அண்ணனும் நானும் அந்தத் தாளை பெஞ்சில் விரித்துப் படித்தோம். கடைசியில் ஒன்று கேட்டார்: “ராத்திரி காய்ச்சல் வந்தா?” 100.4 தாண்டினால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, அப்போதே கிளம்ப வேண்டும். கூப்பிட வேண்டிய எண் ஐந்தாம் பக்கத்திலேயே இருந்தது. அதை ஃபோன் கவருக்குள் எழுதிச் செருகிக்கொண்டார்.