ஓட்டோவை மறிப்பதற்கு முன்: விபத்து நடந்த இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் காலி வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார், மூன்றாமவர் நடுவீதியில் நின்று ஓட்டோ மறிப்பார். உதவும் மனசுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. ஆனால் தூக்குவதில் காட்டும் அவசரத்தை ரத்தத்தை நிறுத்துவதில் யாரும் காட்டுவதில்லை.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் ரத்தம்தான் இருக்கிறது. தொடையில் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். அதனால்தான் காற்றுவழி, மூச்சு, ரத்தவோட்டம் என்று முன்பு சொல்லித்தந்த வரிசைக்கும் முன்னால், பீறிடும் ரத்தத்தை நிறுத்துவதை இப்போது வைக்கிறார்கள். சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து, இரண்டு கைகளாலும் உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். "நின்றுவிட்டதா?" என்று அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் இங்கே பெரிய தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் ஒவ்வொரு தடவையும் கலைந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம்.

அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டுமே கை, காலில் இறுக்கிக் கட்டுவது. அதையும் சப்பாத்துக் கயிற்றால் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய கயிறு தசையை வெட்டும். அரைகுறையாக இறுக்கினாலோ, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள் மட்டும் அடைபட, உள்ளே கொண்டுவரும் நாடி திறந்தபடியே இருக்கும், ரத்தம் முன்பைவிட அதிகமாகப் போகும். அகலமான துணி வேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின்மீது படாமல் கட்டி, ஒரு தடியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். வைத்தியசாலை சேரும்வரை தளர்த்தவே கூடாது.

சரி, ஓட்டோ விஷயம். அதன் பின்சீட்டில் ஒருவரை நேராகக் கிடத்த இடமில்லை. மயங்கியவரை உட்கார வைத்தால் தலை முன்னால் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் முட்டி, மூச்சு அடைபடும். கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த மடிப்பும் குலுக்கலும் கை, கால்களை நிரந்தரமாக முடக்கிவிடலாம். நெருப்போ, பாய்ந்துவரும் வாகனமோ இருந்தால் ஒழிய, ஆளை அசைக்காமல் 1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் இலவசம். ஆனால் "வெள்ளவத்தை, சீக்கிரம் வாங்கோ" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? 42ஆவது ஒழுங்கை என்றால், காலி வீதிப் பக்கமா மரைன் டிரைவ் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். கத்திக்குத்து வாங்கியவருக்கு அம்புலன்ஸ் தாமதமாகும் என்று தெரிந்தால், காயத்தை அழுத்திப் பிடித்தபடி கிடைத்த வாகனத்தில் கொண்டுபோவதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே உள்ளே கசிவதை வீதியில் வைத்து யாராலும் நிறுத்த முடியாது.

ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவதும் கழுத்துக்கு அதே ஆபத்துதான். மூச்சு ஒழுங்காக இருந்தால் முகக் கண்ணாடியை மட்டும் உயர்த்திவிட்டு அப்படியே விடலாம். மூச்சு நின்றாலோ வாந்தி எடுத்தாலோ கழற்றத்தான் வேண்டும், அப்போது ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

சோடா, பிளேன்டீ, இளநீர் எதுவும் வேண்டாம். மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பதும் ஆபத்து.

இரண்டு, மூன்று பேர் காயப்பட்டிருந்தால் எல்லோரும் அலறுபவரிடமே ஓடுகிறார்கள். அலறுபவருக்குக் காற்றுவழி திறந்திருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். குழறிப் பேசி, கையைத் தட்டிவிடுபவரை "வெறியில கிடக்கிறார்" என்று ஒதுக்கிவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. சாராய வாசனை வந்தாலும் மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லையென்று ஆகிவிடாது. நன்றாகக் கதைத்துவிட்டு அப்புறம் தூங்கிவழிபவர் இன்னும் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

பயிற்சி பெற்றவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைவது. இளம் உடல் நாளங்களைச் சுருக்கி, ரத்தத்தில் ஏறக்குறைய 30 வீதம் போகும்வரை அழுத்தத்தை விழாமல் தாங்கிப் பிடிக்கும். வேகமான நாடித்துடிப்பு, வேகமான மூச்சு, குளிர்ந்து வியர்த்த தோல், காரணமில்லாத பதற்றம் இவையெல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். இவற்றை நம்புங்கள், கருவியில் தெரியும் எண்ணை மட்டுமல்ல.

கொழும்பு வெக்கையில் குளிரா என்று கேட்கலாம். மழையில் நனைந்து, ரத்தமும் இழந்தவரின் உடல் இங்கேயும் குளிர்ந்துபோகும், குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது. ஈர உடுப்பை அகற்றி, கிடைத்ததால் போர்த்துங்கள்.

அம்புலன்ஸ் வந்ததும் பத்துப் பேர் ஒரேநேரத்தில் பேச வேண்டாம். விழுந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் மட்டும் நின்று, எப்படி அடிபட்டது, இடையில் நினைவு தப்பியதா, கட்டுப் போட்டது எத்தனை மணிக்கு என்பதைச் சொன்னால் போதும்.