வெங்காய வலையும் ஊக்கும் வச்சு நியூக்ளியஸ் மாடல் செய்றது எப்படி

ட்யூஷனுக்கு வர்ற ஃபார்ம் சிக்ஸ் பிள்ளைங்க செல் படம் போட்டா அதோட கருவான நியூக்ளியஸ முட்ட மஞ்சக்கரு மாதிரி சும்மா மிதக்க விட்டுருதுங்க. அது மிதக்கல லா, கட்டிப்போட்டு இருக்கு. வாயால சொல்லி சொல்லி அலுத்துப்போய் மாடலா செஞ்சே காட்டிட்டேன், சுங்கை சிப்புட் பசார் மாலம் ராத்திரி சந்தையில 18 ஊக்கு வாங்குனதோட சரி, மத்ததெல்லாம் வீட்டு சாமான்தான்.

கம்பளி நூல உருட்டி வெங்காய வலைக்குள்ள வைங்க. நூல்தான் டிஎன்ஏ, வலை லாமின், அதாவது நியூக்ளியஸுக்கு உள்பக்கம் வலை மாதிரி தாங்குற புரோட்டீன். அத ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள (நியூக்ளியஸோட உள் சவ்வு) போட்டு, பையையும் வலையையும் சேர்த்து கவ்வுற மாதிரி மூணு எடத்துல மும்மூணு ஊக்கு குத்துங்க. இந்த ஊக்குதான் சன் (SUN) புரோட்டீன், நெசத்துலயும் மூணு மூணா பின்னிக்கிட்டுதான் நிக்கும். பைய மட்டும் குத்திட்டு விட்டுராதீங்க, அப்புறம் இழுக்கும்போது பைதான் வரும், உருண்ட அங்கயே கெடக்கும்.

இப்ப மேல ரெண்டாவது பை, இது வெளி சவ்வு. வெளிய இருந்து ஊக்கு குத்தி, உள்ள இருக்கிற ஊக்கோட வளையத்துல மாட்டி மூடணும், ஒண்ணுக்கு ஒண்ணு, இங்க பொறுமை வேணும், நானே ரெண்டு பை கிழிச்சேன். வெளி ஊக்கு நெஸ்பிரின்னு இன்னொரு புரோட்டீன், உள்ள மாட்டுற அதோட நுனிக்கு காஷ்னு (KASH) பேரு. செல்லுல இந்த ரெண்டு சவ்வுக்கும் நடுவுல இருக்கிற எடம் ஏறக்குறைய 50 நானோமீட்டர்தான், அதுக்குள்ளதான் இந்த கோர்வை எல்லாம். 2006ல இந்த சன், நெஸ்பிரின் கோர்வைக்கு லிங்க் (LINC) காம்ப்ளெக்ஸ்னு பேரு வச்சாங்க.

அப்புறம் ஓட்ட உள்ள துணிக்கூடைக்கு நடுவுல தொங்கவிட்டு கட்டுங்க, கூடைதான் செல்லோட வெளி சவ்வு, கட்டுறதெல்லாம் செல்லுக்குள்ள எலும்புக்கூடு மாதிரி இருக்கிற புரோட்டீன் இழைங்க. ஒரு எடத்துல ரப்பர் பேண்ட், அது ஆக்டின், இத நெஸ்பிரின் 1, 2 நேரா பிடிக்கும். அடுத்த எடத்துல கயிறு, இன்டர்மீடியட் ஃபிலமென்ட், ஆனா நெஸ்பிரின் 3 இத நேரா பிடிக்காது, நடுவுல பிளெக்டின்னு ஒரு இணைப்பு புரோட்டீன் வேணும், ஒரு பேப்பர் கிளிப் போடுங்க. மூணாவதுல ஸ்ட்ரா, மைக்ரோடியூபியூல், அங்க நெஸ்பிரின் 4, மைக்ரோடியூபியூல் மேல நடக்குற கைனசின்ங்கிற மோட்டார் புரோட்டீன பிடிச்சுக்கும், துணி கிளிப் போதும்.

கூடைக்கு வெளிய ரப்பர் பேண்ட இழுங்க, உருண்ட கூடவே வரும். 1997லயே நெசமான செல்லோட வெளி சவ்வுல இருக்கிற இன்டெக்ரின்ங்கிற புரோட்டீன நுண்ணூசியால இழுத்து நியூக்ளியஸ் நகர்றத பாத்துட்டாங்க. இப்ப அந்த பக்கத்து வெளி ஊக்குங்கள கழட்டிட்டு இழுங்க, ரப்பர் மட்டும் நீளும்.

கடைசியா ஊக்க மாட்டிட்டு வலைய நாலு எடத்துல வெட்டி இழுத்து பாருங்க, உருண்ட கோணிக்கும். லாமின் ஏ ஜீன் கெட்டா எமரி டிரைஃபஸ்னு தசை நோய் வர்றத இங்க வச்சுத்தான் சொல்லுவேன். வெட்டுறத கடைசில வச்சுக்குங்க, அடுத்த வலை கெடைக்கணும்னா வீட்டுல வெங்காயம் தீரணும்.