சயனோடைப் அச்சுக்கு யூவி விளக்கும் கண்ணாடியும்: பார்த்து வாங்குவது எப்படி?

ஐப்பசி மழை தொடங்கினால் வெயிலை நம்பி சயனோடைப் (ஒளியில் காட்டித் தண்ணீரில் கழுவி எடுக்கும் நீல நிறப் பட அச்சு) போடுபவர்களுக்குக் கை கட்டிப் போட்ட மாதிரிதான். நல்ல வெயிலில்கூட ஒரு மேகம் வந்து நின்றால் பத்து நிமிடக் கணக்கு இருபதாகிவிடும். கொஞ்ச நாள் இப்படித் தவித்த பிறகு ஒரு யூவி (புற ஊதா) விளக்கு வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். அப்போது விளக்கைப் பற்றி வாரக்கணக்கில் விசாரிப்போம். நெகட்டிவைக் (படம் உள்ள ஒளி புகும் தாளை) காகிதத்தோடு அழுத்திப் பிடிக்கும் கண்ணாடியை மட்டும் கைக்குக் கிடைத்ததை வைத்து முடித்துக்கொள்வோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். சுவரில் மாட்டும் படச் சட்டம் ஒன்றை வாங்கி, அதில் நெகட்டிவையும் காகிதத்தையும் வைத்து 40 நிமிடம் விளக்கில் காட்டினேன். கழுவியதும் நீலம் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. ரசாயனம் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுக் கரைசல் கலந்தேன். மறுபடியும் அதே கதைதான். சட்டம் வந்த அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: படம் வெளுக்காமல் இருக்க யூவி தடுக்கும் கண்ணாடி போட்டிருந்தார்கள். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. கண்ணாடி அதை உள்ளே விடவில்லை.

அதனால் விளக்கையும் கண்ணாடியையும் ஒரு ஜோடியாகவே பார்க்கச் சொல்கிறேன்.

முதல் படி: காகிதத்துக்கு என்ன ஒளி வேண்டும்?

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறைதான் சயனோடைப். காகிதத்தில் பூசும் இரும்பு உப்பு, புற ஊதா ஒளி பட்டதும் மாறி நீல நிறமியை உண்டாக்குகிறது. ஒளி படாத இடம் தண்ணீரில் கரைந்து வெள்ளையாகிவிடும். இதற்கு முக்கியமாக வேண்டியது ஏறக்குறைய 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளி. நீல ஒளிக்கும் கொஞ்சம் அசையும். மஞ்சள் குண்டு பல்புக்கு அசையாது, அதனால் அந்த வெளிச்சத்தில் தாராளமாகக் காகிதம் பூசலாம்.

இந்த 320–400 பகுதி நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஊதாவாகப் பளிச்சென்று எரியும் விளக்கு பலமானது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் 365 நானோமீட்டர் விளக்கு காகிதத்தை வேகமாகக் கறுக்கவைக்கலாம்.

இரண்டாம் படி: விளக்கு

ஹோட்டலிலும் இனிப்புக் கடையிலும் ஈ பிடிக்க நீல டியூப் எரியுமே, பார்த்திருப்பீர்கள். அதுதான் நமக்கும் வேண்டிய டியூப். 350 முதல் 370 நானோமீட்டருக்குள் அதன் உச்சம் இருக்கும். எலெக்ட்ரிகல் கடையில் பூச்சி பிடிக்கும் டியூப் என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். இதில் இரண்டு ரகம் உண்டு. அணைத்திருக்கும்போது வெள்ளையாகத் தெரிவது பி.எல். கருநீலக் கண்ணாடி போட்டது பி.எல்.பி. அந்தக் கருப்புக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வடிகட்டுகிறது. நம் வேலைக்கு அந்த வடிகட்டல் தேவையில்லை. விலை குறைந்த வெள்ளை ரகமே போதும்.

இரண்டு அடி டியூப் ஆறை ஒரு பெட்டிக்குள் வரிசையாக மாட்டினால் 8க்கு 10 அங்குலக் காகிதத்தைத் தாராளமாக அச்சிடலாம். டியூப்பின் நடுவிலிருந்து அடுத்த டியூப்பின் நடு வரை 5 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தால், காகிதம் 8 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். டியூப்களுக்கு நடுவே உள்ள தூரத்தைவிடக் காகிதம் தள்ளி இருந்தால்தான் அச்சில் கோடு கோடாக விழாது. டியூப் சூடேறி நிலைக்கு வரச் சில நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் எரியவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

எல்.இ.டி. ஃபிளட் லைட் வாங்குவதானால், சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 395 நானோமீட்டர். சயனோடைப்புக்கு அது போதும். போட்ட நொடியே முழு பலம் வந்துவிடும் என்பது அதன் நல்ல குணம். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழுவது கெட்ட குணம். அதைத் தூக்கி உயரத்தில் வைத்தால் ஓரம் சரியாகும், நேரம் கூடும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலும் கிருமி கொல்லும் விளக்கிலும் வரும் யூவி டியூப் 254 நானோமீட்டர். கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அந்த ஒளி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டவும் தாண்டாது. ஆபத்து மட்டும்தான் மிஞ்சும்.

நம் டியூப்பையும் வெறும் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டியின் முன்பக்கம் கனமான கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். திறந்து வேலை செய்யும்போது யூவி 400 (400 நானோமீட்டர் வரை தடுப்பது) என்று போட்ட மூக்குக் கண்ணாடி அணியுங்கள்.

மூன்றாம் படி: கண்ணாடி

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். கண்ணாடி என்றாலே யூவியைத் தடுத்துவிடும் என்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுப்பது ஏறக்குறைய 320-க்குக் கீழே உள்ளதைத்தான். 365-இல் 4 எம்.எம். கண்ணாடி 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும். அன்னா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளைச் சயனோடைப்பில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கியபோது, பாசியைக் காகிதத்தோடு அழுத்திப் பிடித்ததும் கண்ணாடிதான், ஒளி கொடுத்தது வெயில்தான்.

கண்ணாடிக் கடைக்குப் போனால் பரப்பைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சோடா பாட்டில் மாதிரி பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை, கண்ணாடியில் உள்ள இரும்பு. பச்சை கூடினால் யூவி குறையும். எக்ஸ்ட்ரா கிளியர் என்று கேட்டால், விளிம்பு ஏறக்குறைய வெளுத்த கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். அதில் இரும்பு குறைவு, விலை கூடுதல். 395 விளக்குக்கு அந்தச் செலவு வேண்டாம். 365-இல் 6 எம்.எம். கனம் போடுவதானால் யோசிக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை: கார் முன்பக்கக் கண்ணாடி போல நடுவில் பிளாஸ்டிக் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, பாலிகார்பனேட் ஷீட், யூவி தடுக்கும் படக் கண்ணாடி. அக்ரிலிக் ரகத்துக்கு ரகம் மாறும், பல ரகங்களில் யூவி தடுப்பான் கலந்திருக்கும். சோதிக்காமல் நம்ப வேண்டாம். டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி நல்லதுதான், ஆனால் பிறகு வெட்ட முடியாது, அளவை முன்பே சரியாகக் கொடுத்துவிட வேண்டும்.

கனம் எதற்கு என்றால், அழுத்தத்துக்கு. நெகட்டிவ் காகிதத்தோடு ஒட்டாமல் மயிரிழை தூக்கி நின்றாலும் அந்த இடம் மங்கிவிடும். 8க்கு 10 அங்குலத்துக்கு 4 எம்.எம். போதும். அதற்கு மேல் போனால் 6 எம்.எம். கேளுங்கள். நான்கு விளிம்பையும் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடித்து விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். காகிதத்துக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று வைத்தால் அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி விழும்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. 365 நானோமீட்டர் டார்ச் ஒன்றும் ஜெராக்ஸ் காகிதம் ஒன்றும் கொண்டுபோங்கள். டார்ச் அடித்தால் காகிதம் நீலமாக ஒளிரும். நடுவில் யூவி 400 மூக்குக் கண்ணாடியைப் பிடித்தால் அந்த இடம் இருண்டுவிடும். இப்போது வாங்கப்போகும் கண்ணாடியைப் பிடியுங்கள். ஒளிர்வு அப்படியே இருந்தால் சரி, மங்கினால் வேண்டாம். 395 டார்ச் இதற்கு ஒத்துவராது. 380 வரை மட்டும் தடுக்கும் கண்ணாடி அதை விட்டுவிடும், நீங்களும் ஏமாந்துவிடுவீர்கள்.

நான்காம் படி: துண்டுக் காகிதச் சோதனை

கடைசித் தீர்ப்பு உங்கள் காகிதத்திடம்தான். கரைசல் பூசி நன்றாகக் காய்ந்த ஒரு நீளத் துண்டை விளக்கின் கீழ் வையுங்கள். அகலத்தில் பாதியை உங்கள் கண்ணாடியால் மூடுங்கள், மறு பாதி திறந்தே இருக்கட்டும். இரண்டுக்கும் குறுக்காக ஒரு கறுப்பு அட்டையை வைத்து, நிமிடத்துக்கு ஒரு விரல்கடை நகர்த்துங்கள். 12 நிமிடம் வரை போகலாம். பிறகு பத்து நிமிடம் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள்.

இப்போது திறந்த பக்கத்தில் 6 நிமிடக் கட்டத்தின் நீலத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பக்கத்தில் அதே நீலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். 7-இல் இருந்தால் கண்ணாடி ஏறக்குறைய 85 சதவீதம் உள்ளே விடுகிறது, நேரத்தில் ஆறில் ஒரு பங்கு கூட்டினால் போதும். 12-இல் இருந்தால் பாதியைத் தின்றுவிடுகிறது. எங்குமே இல்லை என்றால் அந்தக் கண்ணாடியைத் திரும்பப் படச் சட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: நான்கு மூலையும்

பூசிய முழுத் தாள் ஒன்றை நெகட்டிவ் இல்லாமல், வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் காட்டிக் கழுவுங்கள். முழு நேரம் காட்டினால் எல்லா இடமும் ஒரே கருநீலமாகி வித்தியாசம் மறைந்துவிடும். பாதி நேரத்தில் மூலை வெளுத்திருந்தால் உடனே தெரியும். விளக்கைத் தூக்குங்கள், அல்லது பெட்டியின் உட்சுவரில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள்.

எல்லாம் சரியானதும் விளக்கின் வகை, உயரம், கண்ணாடியின் கனம், நிமிடம் நான்கையும் பென்சிலால் ஒவ்வொரு அச்சின் பின்பக்கத்திலும் எழுதிவையுங்கள். டியூப்பின் பலம் எரிய எரியக் குறையும். ஆறு மாதம் கழித்து நீலம் வெளிறத் தொடங்கினால், அந்தப் பென்சில் கணக்கை வைத்து மறுபடி ஒரு துண்டுச் சோதனை போட்டுப் பாருங்கள். ஒரு டியூப்பை மட்டும் மாற்றினால் அந்த இடத்தில் பட்டையாகக் கறுக்கும், ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள்.